மூன்றில் ஒன்று பெரும்பான்மை ஆகுமா?

கலந்து பேசி முடிவெடுத்தல் மனித குலம் கண்ட அரும்பெரும் பண்பாடுகளுள் ஒன்று. பலர் கூடுவர், தத்தம் கருத்தை உரைப்பர், உடன்படுவர், மாறுபடுவர். இறுதியில் மிகுதியானோர் எந்தப் பக்கம் நிற்கின்றனரோ அந்தப் பக்கத்து முடிவே சபையின் முடிவு எனத் தோற்றவரும் ஏற்றுக்கொள்வர். அவ்வாறு அவர்கள் ஏற்பதற்குக் காரணம் அச்சமன்று. நாளை தம் கருத்துக்கும் ஆதரவு திரளலாம், அப்போது எதிர்த்தரப்பாரும் இவ்வாறே பணிவர் என்னும் நம்பிக்கையே காரணம். மஹல்லாவாசிகள் கூடி மஷ்வரா செய்யும் சிறு கூட்டம் முதல் பெருநாடுகளின் சட்டமன்றங்கள் வரை அனைத்தும் இந்நம்பிக்கையின் மீதே நிற்கின்றன. அதனைப் பெயர்த்தெடுத்துவிட்டால் எஞ்சுவது சபையன்று. சபையைப் போன்ற ஒரு தோற்றம் மட்டுமே.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் இப்பெயர்ப்பு வேலை சட்டத்தின் பெயராலேயே நடந்தேறியிருக்கிறது. 2022 அக்டோபர் 24-ஆம் நாள் அம்மாகாணம் முழுவதும் நகர, ஊர் மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. மக்கள் மேயர்களையும் மன்ற உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்துவிட்டு வீடு திரும்பினர். மூன்று வாரங்கள் சென்றன. நவம்பர் 16-ஆம் நாள் மாகாண அரசு ஒரு மசோதாவைக் கொணர்ந்தது. டிசம்பர் 8-ஆம் நாள் அது சட்டமாயிற்று. மாகாண அரசு 'முன்னுரிமை' என்று அறிவித்த காரியங்களில், மேயர் முன்வைக்கும் துணைச் சட்டத்துக்கு மன்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் கை தூக்கினால் போதும், அது நிறைவேறிவிடும் என்பதே அச்சட்டத்தின் சாரம். ஏனையோர் அனைவரும் 'கூடாது' என்று ஒரே குரலில் முழங்கினாலும், 'கூடும்' என்பதே தீர்ப்பு!

இதனை நிர்வாகச் சீர்திருத்தம் என்று அழைக்கின்றனர். வாக்குரிமையின் வேரில் வைத்த கோடரி என்று அழைப்பதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நமக்கென்ன தொடர்பு?

கடல் கடந்த நாட்டின் நகர மன்ற விவகாரம் நமக்கெதற்கு என வாசகருள் சிலர் வினவக்கூடும். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் பிராம்ப்டனிலும் மிசிசாகாவிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் வேரூன்றி ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. நம்முள் பலருடைய மக்களும் மருமக்களும் பேரர்களும் அங்கே வீடு வாங்கி, வரி செலுத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்கின்றனர். 2006-ஆம் ஆண்டிலேயே லோகன் கணபதி என்னும் தமிழர் மார்க்கம் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆகவே இது அயலார் வீட்டுச் செய்தியன்று.

அன்றியும், குடிமகனின் அன்றாட வாழ்வைத் தொடும் அரசு எது என்று எண்ணிப் பாருங்கள். குழாயில் வரும் நீர், வாசலில் சேரும் குப்பை, பனிக்காலத்தில் சாலையை மூடும் பனி, பேருந்து, நூலகம், பூங்கா, தீயணைப்பு நிலையம், வீடு கட்ட இசைவு, எந்த நிலத்தில் எது எழலாம் என்னும் விதி ஆகிய இத்தனையும் நகர மன்றத்தின் பொறுப்பில் உள்ளவை. ஒரு தொழுகைக் கூடம் எந்தத் தெருவில் அமையலாம், அதற்கு எத்தனை வண்டிகள் நிற்கும் இடம் வேண்டும் என்பதையும் அம்மன்றமே விதிக்கிறது. கொள்ளை நோயால் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்த 2020-ஆம் ஆண்டு ரமலானில், மாலை நேரப் பாங்கொலி ஒலிபெருக்கியில் எழ இசைவளித்தவை மிசிசாகா, பிராம்ப்டன் முதலிய நகரங்களின் மன்றங்களே. நாட்டின் நாடாளுமன்றம் அதில் தலையிடவில்லை, தலையிட வேண்டியதுமில்லை. ஒலிக் கட்டுப்பாட்டு விதி நகர மன்றத்துக்குரியது.

இவ்வளவு அருகிலுள்ள அரசே மிகக் கேவலமாக நடத்தப்படுவது ஏன்? கேவலமாக நடத்துவோர் இருவர். ஒருவர், மேலிருந்து ஆணையிடும் மாகாண அரசினர். மற்றவர், வீட்டிலிருந்து வெளியே வராத வாக்காளர். இருவரையும் கேட்போம்.

மேலிருந்து நீளும் கை

ஒன்டாரியோவில் 444 ஊராட்சி அமைப்புகள் உள்ளன. நான்காண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்து நான்காம் திங்கட்கிழமையன்று, அவற்றுக்கெல்லாம் ஒரே நாளில் தேர்தல் நடைபெறும். வாக்குச் சீட்டில் கட்சிப் பெயரோ சின்னமோ இராது. ஆளைப் பார்த்து வாக்களிக்கும் முறை. கேட்பதற்கு எத்துணை அழகாயிருக்கிறது! ஆனால் இம்மன்றங்களுக்கு உயிர் கொடுப்பதும் உயிர் பறிப்பதும் மாகாணச் சட்டமன்றத்தின் கையில் உள்ளன. 1867-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, ஊராட்சி அமைப்புகளை மாகாணங்களின் தனி அதிகாரத்தில் வைத்தது. வண்டிப்பாதையும் மரப்பாலமும் ஊராட்சியின் கவலையாயிருந்த காலத்து ஏற்பாடு அது. இன்று டொரான்டோ நகர மக்கள் தொகை, கனடாவின் பல மாகாணங்களின் மக்கள் தொகையைவிட மிகுதி. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அந்நகரம் இன்னும் மைனர் பிள்ளையே.

இந்தத் தனி அதிகாரம் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதற்கு வரலாறு சான்று பகரும்.

1997-ஆம் ஆண்டு, டொரான்டோவையும் அதனை அடுத்த ஸ்கார்பரோ, நார்த் யார்க், எடோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க் ஆகியவற்றையும் ஒரே நகராக்க மாகாண அரசு முனைந்தது. அந்த ஆறு ஊர்களிலும் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. வாக்களித்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் 'வேண்டாம்' என்றனர். 1998 ஜனவரி முதல் நாள் ஆறும் ஒன்றாயின. மக்கள் சொன்னது காற்றோடு போயிற்று.

2018-ஆம் ஆண்டில் நடந்தது அதனினும் கொடிது. அவ்வாண்டு மே மாதம் முதல் நாளிலிருந்து வேட்பு மனுக்கள் பெறப்பட்டன. டொரான்டோவில் 47 வட்டங்கள் என்பது ஏற்கெனவே முடிவான ஏற்பாடு. வேட்பாளர்கள் தெருத் தெருவாக நடந்தனர், பணம் திரட்டினர், வீடு வீடாய்க் கதவைத் தட்டினர். ஜூலை 27-ஆம் நாள் மனுத் தாக்கலின் கடைசி நாள். அன்று காலையில், மாகாண முதல்வர் டக் ஃபோர்டு, வட்டங்கள் 25 ஆகக் குறைக்கப்படும் என்று அறிவித்தார். ஆகஸ்ட் 14-ஆம் நாள் அது சட்டமாயிற்று. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஜூன் மாதத்தில், அவர் மாகாணத் தேர்தலில் வென்று பதவியேற்றிருந்தார். அத்தேர்தல் மேடைகளில் இத்திட்டத்தை மக்கள் முன் வைத்து அவர் வாக்குக் கேட்கவில்லை. அதே சட்டம், பீல், யார்க், நயாகரா, மஸ்கோகா ஆகிய வட்டாரங்களின் தலைவர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவிருந்த தேர்தலையும் நீக்கிற்று. ஓட்டப்பந்தயம் தொடங்கி ஓடுவோர் பாதி தூரம் வந்த பின்னர், எல்லைக் கோட்டைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் அதற்குப் பெயர் என்ன? நடுவரே அதனைச் செய்தால் யாரிடம் முறையிடுவது?

நீதிமன்றத்தில் முறையிட்டனர். செப்டம்பர் 10-ஆம் நாள் நீதிபதி எட்வர்ட் பெலொபாபா, தேர்தலின் நடுவே வட்டங்களை மாற்றுவது வேட்பாளரின் கருத்துரிமையையும் வாக்காளரின் உரிமையையும் மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்து அச்சட்டத்தைச் செல்லாததாக்கினார். அன்றே முதல்வர், உரிமைகள் சாசனத்தின் 33-ஆம் பிரிவைப் பயன்படுத்தித் தீர்ப்பை மீறிச் சட்டமியற்றப் போவதாக அறிவித்தார். சாசனத்தில் உறுதி செய்யப்பட்ட உரிமைகள் சிலவற்றைப் பொருட்படுத்தாது சட்டம் செய்ய வழி தரும் பிரிவு அது. நகர மன்றத்தில் நாற்காலிகளைக் குறைப்பதற்காக நாட்டின் உரிமைச் சாசனத்தையே ஒதுக்கி வைக்க முனைந்தது உலகுக்கோர் அதிசயம்! செப்டம்பர் 19-ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்தமையால் அதற்குத் தேவை நேரவில்லை. அக்டோபர் 22-இல் 25 வட்டங்களுக்கே தேர்தல் நடந்தது.

மூன்றாண்டு கழித்து, 2021 அக்டோபர் முதல் நாள், கனடா உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் மாகாண அரசின் சட்டத்தை ஏற்றது. சாசனம் தரும் வாக்குரிமை நாடாளுமன்றத்துக்கும் மாகாணச் சட்டமன்றங்களுக்கும் உரியது. ஊராட்சித் தேர்தலை அது தொடாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. நால்வர் மறுத்தனர். அந்நாட்டின் உச்ச நீதிமன்றம்கூட ஐந்து நான்கைவிடப் பெரிது என்னும் கணக்கைத்தான் பின்பற்றுகிறது என்பதை வாசகர் நினைவிற் கொள்க. அக்கணக்கு நகர மன்றங்களுக்கு மட்டும் ஏன் விலக்கு?

வட்டங்கள் குறைந்ததால் விளைந்தது யாது? 2016 குடிக்கணக்குப்படி டொரான்டோவின் மக்கள் தொகை 27 லட்சத்துக்கு மேல். முன்பு ஓர் உறுப்பினர் ஏறத்தாழ 60 ஆயிரம் பேருக்குப் பொறுப்பாளர். பின்னர் 1 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு ஒருவர். பெரிய வட்டத்தில் வெல்லப் பெரும் பணமும் பெயர் விளம்பரமும் வேண்டும். புதிதாக வந்தேறிய சமூகத்தாருக்கு இவ்விரண்டும் அரிது. 2017-இல் ஸ்கார்பரோவில் இடைத்தேர்தலில் வென்று மன்றம் புகுந்த தமிழர் நீதன் சண், 2018-இல் விரிவுபட்ட வட்டத்தில் இருநூறுக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். எல்லை மாற்றமே தோல்விக்கு ஒரே காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் எல்லையை வரைபவன் முடிவையும் பாதி வரைந்துவிடுகிறான் என்பது அரசியலின் பாலபாடம்.

இந்த வரிசையில் இன்னுமொன்று உண்டு. 2018-இல் லண்டன் என்னும் ஒன்டாரியோ நகரம், வாக்காளர் தம் விருப்பத்தை முதல், இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தும் முறையில் தேர்தல் நடத்திற்று. அண்மைக் காலத்தில் கனடாவில் அவ்வாறு நடத்திய முதல் நகரம் அதுவே. கிங்ஸ்டன், கேம்பிரிட்ஜ் நகரத்தாரும் அம்முறை தமக்கும் வேண்டுமென்று வாக்களித்திருந்தனர். 2020 நவம்பரில், தொற்றுநோய் நிவாரணம் பற்றிய சட்டம் ஒன்றோடு சேர்த்து, மாகாண அரசு அம்முறையையே தடை செய்தது. ஓர் ஊர் தன் தலைவனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதையும் அவ்வூர் தீர்மானிக்கலாகாது போலும்!

ஒன்பது பதினேழை வென்ற விந்தை

இவையனைத்தும் முன்னுரை, 2022-ஆம் ஆண்டுச் சட்டங்களே முடிவுரை. முதற் சட்டம் செப்டம்பரில் வந்தது. டொரான்டோ, ஒட்டாவா ஆகிய இரு நகரங்களின் மேயர்களுக்குத் தலைமை அலுவலரையும் துறைத் தலைவர்களையும் அமர்த்தவும் நீக்கவும் அதிகாரம் தந்தது. வரவு செலவுத் திட்டத்தை முன்வைக்கும் உரிமையும் மேயருக்கே. மாகாணத்தின் முன்னுரிமைகளுக்கு இடையூறு என மேயர் கருதும் துணைச் சட்டத்தை அவர் தடுக்கலாம். மன்றம் அத்தடையை மீற வேண்டுமாயின் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். இதுவரை சொன்னதிலாவது ஒரு வாதம் உண்டு. தடுப்பது என்பது நிறுத்தி வைப்பது. பல நாடுகளில் தலைவர்களுக்கு அத்தகைய அதிகாரம் உள்ளது.

டிசம்பரில் வந்த இரண்டாம் சட்டம் அவ்வகையினதன்று. அது தடுப்பதற்கு அன்று, ஆக்குவதற்குச் சிறுபான்மை போதும் என்றது. டொரான்டோ மன்றத்தில் மேயருடன் சேர்த்து 26 பேர். மேயரும் எட்டு உறுப்பினரும் சேர்ந்தால் ஒன்பது. ஒன்பதின்மர் ஒரு பக்கம், பதினெழுவர் மறுபக்கம், வெற்றி ஒன்பதின்மருக்கு! சிற்றூரில் ஐவர் கொண்ட மன்றமாயின் மேயரும் அவர் நண்பர் ஒருவரும் போதும். மற்ற மூவர் வீட்டில் உறங்கலாம். எண் கற்ற சிறு பிள்ளையும் நகைக்கும் கணக்கன்றோ இது?

டொரான்டோவின் முன்னாள் மேயர்கள் டேவிட் குரோம்பி, ஜான் சூயல், ஆர்ட் எக்கிள்டன், பார்பரா ஹால், டேவிட் மில்லர் ஆகிய ஐவரும் கூட்டாகக் கடிதம் எழுதி இச்சட்டத்தைக் கண்டித்தனர். அரசியல் நிறத்தால் வேறுபட்டவர்கள் அவர்கள்; மேயர் நாற்காலியின் தேவைகளைத் தம் அனுபவத்தால் அறிந்தவர்கள். அந்நாற்காலிக்கு இவ்வதிகாரம் வேண்டாம் என்று அதில் அமர்ந்தவர்களே கூறினர். அப்போதைய மேயர் ஜான் டோரியோ தாமே அதனைக் கேட்டுப் பெற்றதாக ஒப்புக்கொண்டார். மக்களிடம் அக்டோபரில் வாக்குக் கேட்டபோது இந்த வேண்டுகோள் தேர்தல் மேடையேறவில்லை.

நோய் இரு நகரோடு நிற்கவில்லை. 2023-ஆம் ஆண்டில் மேலும் பல நகரங்களுக்கு இவ்வதிகாரங்கள் பரவின. 2025 மே முதல் நாள் இன்னும் 169 ஊர்கள் சேர்க்கப்பட, எண்ணிக்கை 216 ஆயிற்று. இவற்றுள் சில ஊர்களின் மன்றங்கள், 'இது எங்களுக்கு வேண்டாம்' என்று தீர்மானமே நிறைவேற்றின. வேண்டாதோர் இலையிலும் பரிமாறிச் சென்ற விருந்து இது!

எதிர்வாதங்களும் விடைகளும்

இச்சட்டங்களை ஆதரிப்போர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாய் நோக்குவோம். எதிரியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுக்க வேண்டும் என்பது மன்திக் பயின்றோர் கொள்ளும் நெறி.

முதலாவது வாதம்: வீட்டுப் பஞ்சம் கடுமையாகிவிட்டது, பத்தாண்டில் 15 லட்சம் வீடுகள் வேண்டும், மன்றங்கள் பேசிப் பேசிக் காலம் கடத்துகின்றன, ஆகவே மேயருக்கு வலுவளித்தோம் என்பர். வீட்டுப் பஞ்சம் உண்மை. அதன் வெம்மையை நம் பிள்ளைகளே அனுபவிக்கின்றனர். மன்றங்கள் சில நல்ல கட்டடத் திட்டங்களைத் தாமதித்ததும் உண்மை. ஆனால் மருந்து பலித்ததா? 15 லட்சம் என்றால் ஆண்டுக்குச் சராசரி 1,50,000 வீடுகள். 2024-ஆம் ஆண்டில் ஒன்டாரியோவில் கட்டத் தொடங்கிய வீடுகள் 80 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. 2022 மார்ச்சுக்கு முன் நூற்றுக்குக் கால் விழுக்காடாயிருந்த மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 விழுக்காடாயிற்று. கட்டுவோரும் வாங்குவோரும் ஒதுங்கினர். வட்டியையும் மரத்தின் விலையையும் தொழிலாளர் பற்றாக்குறையையும் எந்த மேயரின் கையொப்பம் மாற்றும்? வீடு எழாமைக்குப் பதினேழு உறுப்பினர்களின் வாக்கே காரணம் என்பது, பயிர் வாடியதற்குக் களத்துமேட்டைக் குற்றஞ்சாட்டுவதை ஒக்கும்.

இரண்டாவது வாதம்: மேயர் நகர் முழுவதும் வாக்குப் பெற்றவர், உறுப்பினர் ஒரு வட்டத்துக்கு மட்டுமே உரியவர், ஆகவே மேயரின் சொல்லே மக்கள் சொல் என்பர். 25 வட்டங்களும் சேர்ந்தால் அதுவும் முழு நகரமன்றோ? அன்றியும், அந்த 'முழு நகர' வாக்கின் அளவைப் பாருங்கள். 2022-இல் டொரான்டோவில் வாக்களித்தோர் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை. ஜான் டோரி பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 62 பெற்று வென்றார். பெருக்கிப் பார்த்தால், தகுதியுடைய வாக்காளரில் ஐந்தில் ஒருவர்கூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2023 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். ஜூன் 26-ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் 102 பேர் போட்டியிட்டனர். வென்ற ஒலிவியா சௌ பெற்றது பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 37 அளவே. தகுதியுடையோரில் ஏறத்தாழ ஏழில் ஒருவர். இருவரும் சட்டப்படி வென்றவர்களே, அதில் ஐயமில்லை. ஆனால் இத்தகைய வெற்றியைக் காட்டி, எஞ்சிய பிரதிநிதிகள் அனைவரையும் மிஞ்சும் உரிமையைக் கோருவது எங்ஙனம் தகும்?

மூன்றாவது வாதம்: நல்லவர் கையில் இவ்வதிகாரம் இருந்தால் தீங்கில்லை என்பர். ஒலிவியா சௌ அம்மையார் இவ்வதிகாரங்களைப் பயன்படுத்தப் போவதில்லை என்று கூறியே வாக்குக் கேட்டார். பாராட்டத்தக்கது. ஆயினும் சட்டம் என்பது நல்லவர் பதவியிலிருக்கும் நாளுக்காக எழுதப்படுவதன்று. அல்லாதவர் வரும் நாளுக்காக எழுதப்படுவது. ஒருவரின் நற்குணத்தை மட்டுமே தாழ்ப்பாளாகக் கொண்ட கதவு, அவர் போன மறுநாள் திறந்தே கிடக்கும்.

நான்காவது வாதம், 2018-இல் கூறப்பட்டது: உறுப்பினர் குறைந்தால் செலவு மிச்சம், நான்காண்டில் 2½ கோடி டாலர் சேமிப்பு. இத்தொகையை 27 லட்சம் மக்களுக்கும் நான்காண்டுக்கும் பகிர்ந்து பாருங்கள். ஆளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு டாலரும் சில காசும். ஒரு குவளைத் தேநீர் விலைக்குத் தம் பிரதிநிதியை விற்க அந்நகரத்தார் யாரிடமும் கேட்டாரில்லை.

வாசற்படியிலுள்ள குற்றம்

மாகாண அரசை இவ்வளவு சாடிய பின்னர், வாக்காளரைச் சாடாது விடுவது நடுநிலையன்று. மேலிருப்போர் துணிந்ததற்குக் கீழிருப்போரின் உறக்கமும் ஒரு காரணம்.

டொரான்டோவில் 2014-ஆம் ஆண்டு நூற்றுக்கு 54-க்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். அவ்வாண்டு மேயர் போட்டி மிகக் கடுமையாயிருந்தது என்பதும் உண்மையே. 2018-இல் அது 41 ஆயிற்று. 2022-இல் முப்பதுக்கும் கீழ். மாகாணம் முழுமைக்கும் எடுத்தாலும் 2022-இன் சராசரி 36 அளவே. அதாவது, தகுதியுடைய மூவரில் ஏறத்தாழ இருவர் வரவில்லை. வேட்பாளர் பஞ்சமும் உண்டு. அவ்வாண்டு ஐந்நூறுக்கு மேற்பட்ட பதவிகள் போட்டியின்றி நிரம்பின. நூறுக்கு மேற்பட்ட ஊர்களின் தலைவர்கள் ஒரு வாக்குக்கூடப் பெறாமலே பதவியேற்றனர். முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் மன்றம் முழுவதுமே போட்டியின்றி அமைந்தது.

மூவரில் ஒருவர் வாக்கே நகரத்துக்குப் போதும் என்று மக்கள் தாமே செயலால் காட்டிய பின்னர், மூவரில் ஒருவர் வாக்கே மன்றத்துக்கும் போதும் என்று அரசு எழுதிவிட்டது. இதைவிடக் கசப்பான ஒப்புமை வேறு உண்டோ?

இங்கே ஓர் அநீதியையும் சொல்லியாக வேண்டும். 2022 தேர்தலில் வாக்களிக்கக் கனடாக் குடியுரிமை வேண்டும். நிரந்தரமாய் வாழும் உரிமை பெற்று, ஆண்டுக்கணக்கில் அதே தெருவில் குடியிருந்து, வீட்டு வரி செலுத்தி வருவோர் குடியுரிமை பெறும் வரை வாக்களிக்க இயலாது. ஆனால் வேறோர் ஊரில் வாழும் குடிமகன், ஏரிக்கரையில் ஒரு கோடைக் குடிலை வைத்திருந்தால், அக்குடில் இருக்கும் ஊரின் தேர்தலிலும் வாக்களிக்கலாம். தன் ஊரிலும் வாக்களிக்கலாம். ஆண்டு முழுதும் வாழ்பவனுக்கு வாக்கில்லை. கோடையில் வந்து போகிறவனுக்கு உண்டு! நிரந்தர வாசிகளுக்கு வாக்குரிமை தருமாறு 2013-இல் டொரான்டோ மன்றமே மாகாண அரசைக் கேட்டுக்கொண்டது. அவ்வேண்டுகோள் 2022 தேர்தல் வரை நிறைவேறவில்லை.

இந்நிலையில், வாக்குரிமை இருந்தும் வீட்டிலிருப்பவன் தன் உரிமையை மட்டும் இழக்கவில்லை. அவ்வுரிமை இல்லாத அண்டை வீட்டானின் குரலையும் சேர்த்தே புதைக்கிறான். வாக்கு ஓர் அமானிதம். தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தெருவில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, 'யாரோ எடுத்துக்கொண்டார்' என்று புலம்புவதற்கு எவருக்கும் முகமில்லை.

செய்யத்தக்கது

மாகாண அரசுக்கு அங்குள்ளோர் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. சிறுபான்மை வாக்கால் துணைச் சட்டம் நிறைவேறும் விதியை முற்றாக நீக்குக. தேர்தல் ஆண்டில் வட்ட எல்லைகளையும் பதவிகளையும் மாற்றுவதற்குச் சட்டமே தடை விதிக்கட்டும். எந்த முறையில் வாக்கெடுப்பது, நிரந்தர வாசிகளைச் சேர்ப்பதா என்பவற்றை அந்தந்த ஊர் மன்றமும் மக்களும் தீர்மானிக்க விடுக. இவற்றுள் எதுவும் புரட்சியன்று. பாதிக்கு மேல் இருப்பதே பெரும்பான்மை என்னும் பழைய பாடத்துக்குத் திரும்புவதே.

வாக்காளருக்கு உரியது ஒன்றுதான். 2022-க்கு அடுத்த தேர்தலுக்குச் சட்டம் குறித்துள்ள நாள் 2026 அக்டோபர் 26. ஒவ்வொரு தேர்தலிலும் தம் வட்டத்து வேட்பாளரிடம் வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்கத்தக்க கேள்வி: 'மன்றத்தில் பெரும்பான்மையோர் மறுத்ததை மேயர் நிறைவேற்ற விரும்பினால், நீர் அந்த மூன்றில் ஒருவராய் நிற்பீரா?' மேயர் வேட்பாளரிடம் கேட்கத்தக்கது: 'அவ்வதிகாரத்தை நீர் தொடுவீரா?' மழுப்புவோருக்கு வாக்கில்லை என்று தெருவுக்குப் பத்துப் பேர் உறுதி பூண்டால் போதும். வட்டத் தேர்தல் இருநூறுக்கும் குறைவான வாக்குகளில் முடிவாகக்கூடும் என்பதை மேலே கண்டோம்.

அங்குள்ள நம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் பெரியோர், உடல்நலமும் பனியின் கடுமையும் விசாரிப்பதோடு இதனையும் ஒரு வரி விசாரிப்பாராக. நாட்டின் பிரதமர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். தம் வட்டத்து மன்ற உறுப்பினர் யார் என்று கேளுங்கள். பெயர் தெரியாதென்றால், அவரது வாக்கு மன்றத்தில் எண்ணப்படாது போனதும் அவர்களுக்குத் தெரியாது. தெரியாத வரையில் ஒன்பது பதினேழைவிடப் பெரிதாகவே இருக்கும்.